சொன்னவருக்கு என்ன கிடைக்கும்? ஆட்கடத்தல் தகவல்களுக்கு வெகுமதி வழங்குவது பற்றி

ஆட்கடத்தல்காரர்களிடம் ஒரு வெகுமதித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கிராமத்தில் கஷ்டப்படும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, நல்ல வீடு, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்து வரும் உப முகவருக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கொமிஷன் உண்டு. ஆவணங்களுக்காக அலைபவருக்கு ஒரு தொகை. பெண்ணின் வீட்டாருக்கும் முற்பணம் என்று ஒரு தொகையைக் கொடுத்து, பிறகு கேள்வி கேட்க முடியாதபடி வாயை அடைத்து விடுகிறார்கள். இந்தச் சங்கிலியில் காசு கிடைக்காதவர் ஒருவர்தான். நடப்பதைப் பார்த்துக் கொண்டிருக்கும் அயலவர். அவர் வாய் திறந்தால் கிடைப்பது பகையும் பொலிஸ் நிலைய அலைச்சலும்தான்.

இந்த நிலையை மாற்றவே பல நாடுகள் குற்றங்கள் பற்றித் தகவல் தருவோருக்குப் பணப்பரிசு வழங்கும் திட்டங்களை நடத்துகின்றன. எமது நாட்டிலும் வேறு சில குற்றங்களுக்கு அந்த வழக்கம் இருக்கிறது. ஆட்கடத்தலுக்கும் அது ஏன் தேவை, எப்படி அமைந்தால் பயன் தரும், எப்படி அமைந்தால் ஆபத்தாகும், மார்க்கம் இதனை எப்படிப் பார்க்கிறது என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

எது ஆட்கடத்தல்?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் எல்லோரும் ஆட்கடத்தல்காரர்கள் அல்லர். அனுமதிப்பத்திரம் பெற்று நேர்மையாகத் தொழில் செய்யும் முகவர்கள் எமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். கடல் வழியாக வள்ளத்தில் சட்டவிரோதமாக ஆட்களை ஏற்றிச் செல்வதும் குற்றமே. ஆனால் அது வேறு குற்றம்.

2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் எமது தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் குற்றம் விரிவாக வரையறுக்கப்பட்டது. இதனை மூன்று கேள்விகளால் விளங்கிக் கொள்ளலாம். முதலாவது, என்ன செய்தார்கள்? ஒருவரை ஆட்சேர்த்தார்கள், கொண்டு சென்றார்கள், கைமாற்றினார்கள் அல்லது மறைத்து வைத்தார்கள். இரண்டாவது, எப்படிச் செய்தார்கள்? ஏமாற்றினார்கள், பயமுறுத்தினார்கள் அல்லது அவரது இயலாமையைப் பயன்படுத்தினார்கள். மூன்றாவது, எதற்காகச் செய்தார்கள்? கட்டாய வேலை, பாலியல் சுரண்டல், அடிமைத்தனம் போன்றவற்றுக்காக. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. பிள்ளை விரும்பித்தான் போனது என்பது சட்டத்தின் முன் செல்லாது. இக்குற்றத்துக்கு 20 வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இன்று இது எடுத்திருக்கும் வடிவங்கள் பல. பணியகத்தில் பதிவு செய்யாமல் விசிட் விசாவில் பெண்களை ஓமானுக்கு அனுப்பி, அங்கு கைமாற்றிய விவகாரம் 2022 இறுதியில் நாட்டையே உலுக்கியது. அங்குள்ள எமது தூதரகத்தில் கடமையாற்றிய ஒருவரே அதில் கைதானார். கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். படித்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

வெளிநாட்டை மட்டும் பார்த்தால் போதாது. 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு முஸ்லிம் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அந்த வழக்கில் குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். ஆனால் பாடசாலையில் இருக்க வேண்டிய வயதில் மலையகத்திலிருந்து ஒரு பிள்ளை தரகர் மூலம் வந்து யாரோ ஒருவருடைய வீட்டில் பாத்திரம் கழுவுகிறது என்றால், அந்த வீட்டுக்கு வந்து போகும் எல்லோருடைய கண்ணிலும் அது பட்டிருக்கும். ஆட்கடத்தலுக்குப் பலியாவோர் மட்டும்தான் எமது சமூகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய வேலையில் சிக்கியுள்ளனர். அவர்களைக் கொண்டு வருடத்துக்கு 236 பில்லியன் அமெரிக்க டொலர் சட்டவிரோத இலாபம் ஈட்டப்படுவதாக அதே ஸ்தாபனம் 2024இல் கூறியது. உப முகவரின் கொமிஷன் இந்தப் பெரும் பணத்தின் ஒரு சிறு துளி.

தெரிந்தவர்கள் ஏன் சொல்வதில்லை?

மூதூரின் ரிஸானா நபீக்கை எமது சமூகம் மறந்திருக்காது. 1988இல் பிறந்த அந்தப் பிள்ளை, 1982இல் பிறந்ததாகக் காட்டும் கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றாள். சில வாரங்களிலேயே அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த கைக்குழந்தை மரணமானது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நாங்கள் அழுதோம், துஆச் செய்தோம், அறிக்கைகள் விட்டோம். ஆனால் 17 வயதுப் பிள்ளையை 23 வயதுக்காரியாக மாற்றுவது ஒரே ஆளால் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. படம் பிடிப்பவர், படிவம் நிரப்புபவர், பத்திரம் எடுத்துக் கொடுப்பவர், கொழும்புக்கு அழைத்துச் செல்பவர் என்று இப்படியான பயணம் ஒவ்வொன்றும் பலருடைய கைகளைக் கடந்துதான் போகிறது. அந்தக் கைகளில் ஒன்று தொலைபேசியைத் தூக்கினாலே பயணம் நின்றுவிடும்.

தூக்குவதில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, சொல்வதைக் காட்டிக் கொடுப்பதாகப் பார்க்கும் மனநிலை. வடக்கு, கிழக்கில் யுத்த காலத்தை அனுபவித்தவர்களுக்குத் "தலையாட்டி" என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. முகத்தை மூடிக் கொண்டு தலையை ஆட்டியவரால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன! தகவல் சொல்வது என்றாலே இன்றும் அந்த முகமூடிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது, உப முகவர் எங்கோ இருந்து வந்தவர் அல்லர். பெரும்பாலும் மச்சானின் கூட்டாளி, மாமியின் ஒன்றுவிட்ட சகோதரி, அடுத்த வளவுக்காரர். மூன்றாவது, பொலிஸ் நிலையத்துக்குப் போனால் வாக்குமூலம், பிறகு நீதிமன்றத் தவணை, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி இழப்பு.

ஆசிரியர் என்ற வகையில் பெற்றோருடன் இதனைப் பேசும் சந்தர்ப்பங்கள் வருகின்றன. சாதாரண தரம் எழுதும் முன்பே வகுப்புக்கு வராமல் போகும் பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது, பிள்ளை எங்கே போனது, யார் கூட்டிப் போனது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தே இருக்கும். ஒரு தகப்பன் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "சொல்லி நமக்கென்ன கெடைக்கப் போகுது சேர்? பிரச்சினைதான் கெடைக்கும்." அவருக்குப் பேராசை இல்லை. அவர் நஷ்டக் கணக்குப் பார்க்கிறார். வெகுமதித் திட்டம் என்பது சரியாகப் பார்த்தால் இந்த நஷ்டத்துக்கான பதில்தான்.

வெகுமதித் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

இதற்கு உலகில் பிரபலமான முன்மாதிரி "கிரைம் ஸ்டொப்பர்ஸ்". 1976இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகேர்க்கி நகரில் ஒரு பொலிஸ் அதிகாரி இதனை ஆரம்பித்தார். பெற்றோல் நிரப்பு நிலையத்தில் வேலை செய்த ஒரு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துப்புக் கிடைக்கவில்லை. சம்பவத்தைத் தொலைக்காட்சியில் நடித்துக் காட்டி, தகவல் தருபவரின் பெயர் கேட்கப்படாது, பணப்பரிசும் உண்டு என்று அறிவித்தார்கள். சில நாட்களில் குற்றவாளிகள் பிடிபட்டார்கள்.

அதன் நுட்பம் மிக இலகுவானது. அழைப்பவரிடம் பெயர் கேட்பதில்லை. ஓர் இலக்கம் கொடுக்கிறார்கள். தகவல் பயன்பட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லியே பரிசைப் பெற்றுக் கொள்ளலாம். பிரித்தானியாவில் இதே முறை 1988 முதல் இயங்குகிறது. அங்கு தகவல் தருவோரில் வெகு சிலரே பணத்தைக் கேட்டுப் பெறுகிறார்கள். பெரும்பாலானோருக்குப் பணத்தைவிடப் பெயர் வெளிவராது என்ற உறுதியே போதுமாக இருக்கிறது. இது எமக்கு முக்கியமான பாடம். பணம் அறிவித்துவிட்டு இரகசியத்தைக் காக்காத திட்டம் வேலை செய்யாது. ஆனால் பணத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. "இது அரசாங்கம் பெறுமதி கொடுக்கும் விடயம்" என்று அது ஊருக்கு அறிவிக்கிறது.

நாடு கடந்த குற்றக் கும்பல்கள் பற்றிய தகவலுக்குப் பரிசு வழங்கும் ஒரு திட்டத்தை அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமும் 2013 முதல் நடத்துகிறது. ஆட்கடத்தலும் அதில் அடங்கும். அதன் கீழ் முதலாவதாக அறிவிக்கப்பட்ட பரிசு ஆனைத் தந்தம் உள்ளிட்ட வனவிலங்குக் கடத்தல் வலையமைப்பொன்றுக்கு எதிரானது. 10 இலட்சம் டொலர்.

இலங்கைக்கும் இது புதிதல்ல. கடத்தல் பொருட்கள் பற்றிச் சுங்கத் திணைக்களத்துக்குத் தகவல் கொடுத்தவருக்குப் பங்கு வழங்கும் நடைமுறை நீண்டகாலமாக உண்டு. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டின் பின்னர், தேடப்பட்ட பெண் பற்றிய தகவலுக்குப் பொலிஸார் 12 இலட்சம் ரூபா அறிவித்தார்கள். 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் சந்தேகத்துக்கிடமான ஒரு வீட்டைப் பற்றி எமது மக்களே தகவல் கொடுத்தார்கள். அவ்வாறு தகவல் தந்தவர்களுக்குப் பொலிஸ் திணைக்களம் பணப்பரிசும் வழங்கியது. அவர்களை எவரும் தலையாட்டி என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு பிள்ளையைக் கடத்துபவனைப் பற்றிச் சொன்னால் இவ்வளவு என்று பஸ் நிலையத்திலோ, பிரதேச செயலகத்திலோ, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலோ ஓர் அறிவித்தலை நான் கண்டதில்லை. தங்கத்துக்கு விலை இருக்கிறது. சிகரெட் பெட்டிக்கு விலை இருக்கிறது.

மார்க்கத்தின் பார்வை

நன்மையைச் சொல்வதற்குக் கூலி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இதற்கான பதில் ஸூரா யூசுபிலேயே இருக்கிறது. அந்த ஸூராவில் சிறுவர் ஒருவர் கிணற்றில் போடப்பட்டு, பயணக் கூட்டத்தினரால் எடுக்கப்பட்டு, அற்ப விலைக்கு விற்கப்படுகிறார். குடும்பத்தவரே ஆரம்பித்து வைத்த ஆட்கடத்தல் அது. அதே ஸூராவில் பின்னர் அரசரின் பாத்திரம் காணாமல் போகிறது. கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்படுகிறது. ஒரு காரியத்தை முடிப்பவருக்கு இன்னது என்று முன்கூட்டியே அறிவிக்கும் "ஜுஆலா" என்ற ஒப்பந்தத்துக்கு இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள் சட்ட அறிஞர்கள். காணாமல் போன பாத்திரத்துக்குப் பரிசு அறிவிக்கலாம் என்றால், காணாமல் போன பிள்ளைக்கு அறிவிப்பதில் என்ன தடை?

சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று ஸூரா அல்பகராவும், உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு ஸூரா அந்நிஸாவும் போதிக்கின்றன. சுதந்திரமான ஒரு மனிதனை விற்று அந்தக் காசைச் சாப்பிட்டவனுக்கும், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் அல்லாஹ்வே எதிராளியாக நிற்பான் என்ற ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆட்கடத்தலில் இந்த இரண்டு குற்றங்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

அதேநேரம் துருவித் துருவி ஆராய்வதையும், வீண் சந்தேகத்தையும், புறத்தையும் ஸூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறும் அதே ஸூரா ஏவுகிறது. ஒருவருடைய மறைவான குறையைத் தேடித் திரிவது வேறு. கண்முன்னே ஒரு பிள்ளைக்கு நடக்கும் அநியாயத்தைத் தடுக்கக் கூடியவரிடம் சொல்வது வேறு. முதலாவது தடுக்கப்பட்டது, இரண்டாவது கடமை.

ஆபத்துகளும் உண்டு

பரிசு எப்போதும் நல்லவர் கையில்தான் இருக்கும் என்று இல்லை. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களைப் பிடித்துத் தருபவருக்கு 100 ஒட்டகங்கள் என்று குறைஷிகள் அறிவித்ததும் ஒரு வெகுமதித் திட்டமே. ஸுராகா அதற்காகத்தான் குதிரையில் விரைந்தார். எனவே யார், எதற்காக, எந்தக் கட்டுப்பாட்டுடன் பரிசு வழங்குகிறார்கள் என்பதே முக்கியம்.

பொய்த் தகவலின் விலையை எமது சமூகத்துக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2019இல் கப்பல் சுக்கான் படம் போட்ட உடை அணிந்ததற்காக ஹசலக்கவில் ஒரு பெண் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு குருநாகல் வைத்தியர் மீது ஒரு பத்திரிகைச் செய்தியின் பின் நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் குவிந்தன. விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. பரிசு எதுவும் அறிவிக்கப்படாமலே இவ்வளவு நடந்தது என்றால், காசும் சேர்ந்தால் என்னவாகும்?

வெளிநாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 2018இல் இந்தியாவில் பிள்ளை பிடிகாரர்கள் என்ற வட்ஸ்அப் வதந்தியால் அப்பாவிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2020இல் அமெரிக்காவில் ஒரு தளபாட நிறுவனம் பிள்ளைகளைக் கடத்துவதாகப் பரவிய பொய்யால், ஆட்கடத்தல் உதவி இலக்கத்துக்கு அழைப்புகள் குவிந்து உண்மையில் உதவி தேவைப்பட்டவர்களுக்கே இடைஞ்சலானது.

நீதிமன்றத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காசுக்காகச் சொன்னீர்களா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் சாட்சியின் நம்பகத்தன்மை ஆடிப்போகும்.

எப்படி அமைய வேண்டும்?

இந்த ஆபத்துகளை மனதில் வைத்துப் பார்த்தால், திட்டத்தில் பின்வரும் அம்சங்கள் அவசியம்.

ஒன்று, பெயருக்குப் பதிலாக இலக்கம். தகவல் விசாரணையை ஆரம்பிப்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். வழக்கை நிரூபிப்பது பொலிஸார் திரட்டும் ஆதாரமாக இருக்க வேண்டும். அப்போது தகவல் தந்தவரை நீதிமன்றத்துக்கு இழுக்கும் தேவை குறையும். சாட்சி சொல்ல முன்வருபவருக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரும் உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, பரிசைத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப் போடக் கூடாது. எமது நாட்டில் வழக்குகள் வருடக் கணக்கில் இழுபடுகின்றன. விசாரணையில் தகவல் சரி என்று கண்டதும் ஒரு பகுதியும், வழக்குத் தொடர்ந்ததும் இன்னொரு பகுதியும் கொடுக்கலாம்.

மூன்று, எத்தனை பேர் கைதானார்கள் என்பதை வைத்துப் பரிசைக் கணக்கிடக் கூடாது. எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்பதை வைத்தே கணக்கிட வேண்டும். கைதுக்குப் பரிசு என்றால் விசா முடிந்து சிக்கித் தவிக்கும் பெண்ணையே குற்றவாளியாக்கி விடுவார்கள். விமானம் ஏறும் முன்பே ஒரு பயணத்தைத் தடுத்தால் அதற்கே கூடிய பரிசு கொடுக்கலாம்.

நான்கு, வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு இரகசியப் பாதுகாப்புக் கிடையாது என்பது ஆரம்பத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். நல்லெண்ணத்துடன் சொல்லித் தவறிப் போனவரைத் தண்டிக்கவும் கூடாது.

ஐந்து, கிராம உத்தியோகத்தர், ஆசிரியர், பொலிஸ் உத்தியோகத்தர் போன்றோருக்குப் பரிசு வேண்டாம். இது எங்கள் கடமை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம். பாதிக்கப்பட்டவருக்கும் பரிசு அல்ல, நஷ்டஈடே கொடுக்க வேண்டும்.

ஆறு, காசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி. கடத்தல்காரர்களிடம் அறவிடும் தண்டப்பணத்திலிருந்தும், பறிமுதல் செய்யும் சொத்திலிருந்தும் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்லும் ஒருவர் மறுமுனையில் இருப்பதும் கட்டாயம். மூதூரிலோ புத்தளத்திலோ இருக்கும் ஒரு தாய் சிங்களத்தில் முறைப்பாடு சொல்ல முடியாமல் தொலைபேசியை வைத்துவிட்டால் எல்லாம் வீண்.

பள்ளிவாசல் நிருவாகங்கள் தாங்களே விசாரணை நடத்தவோ பரிசு வழங்கவோ இறங்கக் கூடாது. அது ஊருக்குள் பகையை வளர்க்கும். குத்பாவில் பேசலாம். உதவி இலக்கங்களைப் பலகையில் போடலாம். சாட்சி சொல்லப் போகும் ஏழையின் பஸ் காசையும் அன்றைய கூலியையும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். முற்பணம் வாங்கியதால் மகளை அனுப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தின் கடனை அடைக்க முடியுமா என்றும் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் பயணத்தை நிறுத்த சில வேளை அது ஒன்றே போதும்.

இன்றே செய்யக் கூடியது

திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலை தொடர்பான சந்தேகங்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989, பிள்ளைகள் தொடர்பாக தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, பெண்கள் தொடர்பாக 1938, அவசரத்துக்குப் பொலிஸின் 119 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன. அழைக்கும்போது ஊகங்களைச் சொல்லாமல் கண்டதைச் சொல்லுங்கள். யார், எந்த வாகனம், எந்தத் திகதி, எந்த நாடு, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, பயணம் எப்போது ஆகிய விபரங்கள் போதும். முகநூலில் படத்தைப் போட வேண்டாம். அது கடத்தல்காரனை எச்சரிக்கும், பிள்ளையின் மானத்தையும் கெடுக்கும்.

பாராளுமன்றத்திலும் பிரதேச மட்டத்திலும் இருக்கும் எமது பிரதிநிதிகள் இந்த வெகுமதித் திட்டத்தை ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. டயகமவின் பிள்ளைக்கும் மூதூரின் பிள்ளைக்கும் ஒன்றுதான். "சொல்லி நமக்கென்ன கெடைக்கும்?" என்று கேட்ட அந்தத் தகப்பனைப் போன்றவர்களுக்கு நேர்மையான ஒரு பதிலைக் கொடுக்க அரசாங்கத்தால் முடியும். உப முகவருக்குக் கிடைக்கும் கொமிஷனைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.